அம்மாவின் பிடரியும் கரண்ட் வைக்கிற மெஷினும்

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாமில் தலைவலி பற்றிப் பேசினேன். பஞ்சமி நிலம், ஆணவக் கொலை, இடஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்கும்போது தலைவலிக்கெல்லாம் ஒரு அமர்வா அக்கா என்று கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மா 22 வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். பழைய புடவைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன் மேல் கலவைச் சட்டி. ஒரு தளம் ஒட்டும் நாளில் எத்தனை சட்டி ஏற்றினார் என்று அவருக்கே கணக்கு இருக்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தலைவலி இருந்தது. பிடரியில் பிடித்து, மண்டையின் வலது பக்கமாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. சில நாள் வாந்தி வரும். தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். பாட்டி சுக்கை இழைத்துப் பற்றுப் போடுவார். அதுவும் கேட்காவிட்டால் நான் பெட்டிக்கடைக்கு ஓடுவேன். "தலவலி மாத்திர ரெண்டு." மருந்தின் பெயர் கடைக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் கேட்போம்.

தலைவலி என்று வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. போய் பாதியில் உட்கார்ந்தால் அரைக் கூலி. "உனக்கு எப்பப் பாரு தலவலிதான்" என்பார் மேஸ்திரி. வேலைக்குக் கள்ளம் என்று அதற்குப் பொருள்.

மருத்துவரிடம் போகாமல் இல்லை. ஒரு இடத்தில், அம்மா சொல்லி முடிப்பதற்குள்ளேயே இரண்டு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காசு கொடுத்துப் போன இன்னொரு இடத்தில் மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேல செஞ்சு உரமேறுன உடம்பும்மா. இதெல்லாம் தாங்கும்." பாராட்டு மாதிரி சொன்னார். அம்மாவும் பாராட்டு மாதிரியே எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாக்கியம் என் மனதில் பல வருடம் கிடந்தது. அதன் அர்த்தம் வேறொரு நாட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெள்ளையர்களான மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் சில கேள்விகள் கேட்டார்கள். கறுப்பின மக்களுடைய தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான கூற்றுகளைக் கொடுத்து, இவை உண்மையா என்றார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் அவற்றில் ஒன்றையாவது உண்மை என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள், பொருத்தமில்லாத சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். அடிமைமுறைக் காலத்தில், இவர்களுக்கு வலிக்காது என்று சொல்லித்தான் வேலை வாங்கினார்கள். அந்த நம்பிக்கை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இந்த நூற்றாண்டுக்கும் வந்துவிட்டது. "உரமேறுன உடம்பு" எந்தக் குடும்பத்துச் சொல் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

ஆனால் மேஸ்திரியையும் மருத்துவரையும் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. நானும் நம்பவில்லை. முதுகலைப் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருந்தேன். எங்கள் தெருவில் எம்.ஏ. முடித்த முதல் பெண் நான். அன்று காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. "நீ போயிட்டு வா, எனக்குத் தல தூக்க முடியல" என்றார். கூட்டத்துக்குப் பயந்து சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தனியாகப் போனேன். அந்தக் கோபம் சில வருடம் இருந்தது. அதே நேரத்தில் சமூகப் பணியாளராக வீடு வீடாகப் போய், மற்றவர்களின் அம்மாக்களிடம் உடல்நலக் கணக்கெடுத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கு ஒரு படிவம் நிரப்பவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு இரவு அம்மா சுவரில் தலையை மெதுவாக முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அடுத்த வாரம் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். விடியற்காலை பஸ், நீண்ட வரிசை, மதியம்தான் முறை வந்தது. அந்த மருத்துவர் எழுதுவதற்கு முன் கேட்டார். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம், மாதத்தில் எத்தனை நாள், எத்தனை மாத்திரை. அம்மாவுக்கு எண்ணிக்கை சொல்லத் தெரியவில்லை. "ஒரு மாசம் குறிச்சிட்டு வாங்கம்மா" என்றார்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தினசரி காலண்டரில் தலைவலி வந்த நாளின் தாளைக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டார். மாத்திரை போட்ட நாளென்றால் தாளை மடித்துப் போட்டார். மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். தலைவலி 24 நாள். மடித்த தாள் 23. எங்கள் வீட்டில் 20 வருடமாக இருந்த ஒரு விஷயத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு எண் கிடைத்தது.

மடித்த தாள்களைப் பார்த்து மருத்துவர் சொன்னதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், ஏற்கெனவே தலைவலி உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பெட்டிக்கடை மாத்திரை அம்மாவின் வலியைத் தீர்க்கவில்லை, வளர்த்திருக்கிறது. அவருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி. கூடவே பிடரி நரம்பின் உறுத்தல். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தலைவலி வராமல் தடுக்க வேறொரு மருந்து எழுதினார். கழுத்துக்கு இயன்முறைச் சிகிச்சையும் கரண்ட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

அம்மா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்ட்டா? எனக்கு வேணாம்டி. பைத்தியம்னு சொல்லிடுவாங்க."

அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு மனநல மருத்துவமனையில் ஷாக் கொடுத்ததை அம்மா கேள்விப்பட்டிருக்கிறார். அது வேறு, இது வேறு. மனநலச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து மூளைக்குள் மின்சாரம் செலுத்துகிறார்கள். இதில் தோலின் மேல் இரண்டு ஒட்டும் பட்டை, உள்ளங்கை அளவு மெஷின், பேட்டரியில் வருகிற சிறு மின்துடிப்பு, அவ்வளவுதான். டென்ஸ் என்று சொல்வார்கள். முதுகுவலி, மூட்டுவலிக்கு நம் ஊர் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுகளில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒவ்வொரு முறையும் சென்னை போக முடியாது என்பதால் முதலில் பக்கத்து டவுனில் ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். சீட்டு எழுதும்போது அங்கிருந்த உதவியாளர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். ஊரிலா, காலனியிலா என்றார். அதையும் சொன்னோம். உள்ளே போனதும் பட்டைகளை அம்மாவின் கையில் கொடுத்து, "பின்னாடி நீங்களே ஒட்டிக்கங்க" என்றார். தன் பிடரியில் சரியான இடம் எது என்று அம்மா எப்படிப் பார்ப்பார்? நான்தான் கூந்தலை ஒதுக்கி ஏதோ ஒரு இடத்தில் ஒட்டினேன். எங்களுக்கு முன்னால் போன அம்மாவுக்கு அவரே ஒட்டினதைத் திரைச்சீலை இடைவெளியில் பார்த்திருந்தேன். சாதி பார்த்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. நாம் எல்லோரும் இப்படி நிரூபிக்க முடியாத சம்பவங்களை மூட்டையாகச் சுமக்கிறவர்கள்தான். அம்மா வீட்டுக்கு வந்து "கரண்ட் எனக்கு ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னார்.

திரும்பவும் சென்னைக்கே போனோம். அங்கே பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் வைத்த கூந்தலைத் தானே ஒதுக்கி, பிடரி எலும்புக்குக் கீழே விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தினார். "இங்கயாம்மா? இங்கயா?" ஒரு இடத்தில் அம்மா "அங்கதான்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். வலிக்கிறதா என்று அந்தப் பெண் பதறிப்போய்க் கையை எடுத்தார். அம்மா தலையை ஆட்டி, இல்லை, அமுக்கு என்றார்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பிறகு படித்தேன். கழுத்தின் இரண்டாவது நரம்பிலிருந்து ஒரு கிளை தசைகளைத் துளைத்துக்கொண்டு பிடரி வழியாக உச்சந்தலைக்கு ஏறுகிறது. முகத்திலிருந்தும் கண்ணைச் சுற்றியும் உணர்வைக் கொண்டுவரும் நரம்பு வேறு. ஆனால் இரண்டும் கழுத்தின் மேல்பகுதியில், தண்டுவடத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான் பிடரியில் கிளம்பும் வலி கண்ணுக்குப் பின்னால் தெரிகிறது. அம்மா 20 வருடமாகச் சொன்ன பாதை உடற்கூறு நூலில் படமாக இருக்கிறது.

மின்துடிப்பு எப்படி வலியைக் குறைக்கிறது? கதவில் விரல் நசுங்கினால் உடனே உதறித் தேய்க்கிறோம். தேய்த்தால் கொஞ்சம் குறைகிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாசல் இருக்கிறது, தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் அந்த வாசல் ஓரளவு மூடும் என்றார்கள். அந்தக் கோட்பாட்டில் பின்னால் திருத்தங்கள் வந்தன. ஆனால் நரம்பைத் தூண்டி வலியைக் குறைக்கும் இன்றைய கருவிகளுக்கு அதுதான் வழி திறந்தது. யோசனை மட்டும் மிகப் பழையது. முதலாம் நூற்றாண்டில் ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், தீராத தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் ஒருவகைத் திருக்கை மீனை உயிரோடு தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

இன்றைக்குப் பல கருவிகள் வந்துவிட்டன. நெற்றியில் ஒட்டி ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் அனுமதி கொடுத்தது. கழுத்தின் பக்கவாட்டில் வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவிக்கு 2017-இல், கொத்துத் தலைவலிக்காக. மேல்கையில் கட்டும் கருவிக்கு 2019-இல். எதற்கும் கட்டுப்படாத தலைவலிக்கு, பிடரித் தோலுக்கு அடியில் கம்பியும் உடம்புக்குள் பேட்டரியும் வைத்து அறுவைச் சிகிச்சை செய்வதும் உண்டு.

இவை மந்திரம் இல்லை. உள்ளே வைத்த கம்பி இடம் நகரும், சீழ் பிடிக்கும், மறுபடி அறுக்க வேண்டிவரும். நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கொத்துத் தலைவலி உள்ள 130-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பிடரி நரம்பில் கருவி வைத்து, ஒரு பிரிவினருக்கு முழு வலுவிலும் மற்றொரு பிரிவினருக்கு 30 சதவீத வலுவிலும் துடிப்பு கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலுமே தலைவலி கணிசமாகக் குறைந்தது. அப்படியானால் குறைத்தது மின்சாரமா, காலமா, நம்பிக்கையா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலியில் இந்த அறுவைச் சிகிச்சையின் பலன் இன்னும் மங்கலானது. விளம்பரத்தைப் பார்த்து யாரும் கடன் வாங்கி ஓட வேண்டாம்.

அம்மாவுக்கு என்ன ஆனது? மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகம். தினமும் வலி. "உன் பேச்சக் கேட்டேன் பாரு" என்று என்னைத் திட்டினார். பிறகு மெல்லக் குறைந்தது. ஆறு மாதம் கழித்து டப்பாவில் 9 தாள் இருந்தது. எது வேலை செய்தது? மாத்திரையை நிறுத்தியதா, தடுப்பு மருந்தா, கரண்ட்டா, கழுத்துப் பயிற்சியா, சட்டி தூக்குவதை விட்டதா? பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அம்மாவைக் கேட்டால், "அந்தப் பொண்ணு கை வெச்ச நாள்லேர்ந்து" என்பார். இதை அறிவியல் என்று நான் சொல்ல மாட்டேன். மறுக்கவும் மாட்டேன்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். உடம்புக்குள் போகும் ஒரு சிறு மின்துடிப்பு வலியை ஓரளவு மாற்றுகிறது என்றால், வலி நடிப்பில்லை, நரம்பில் நடக்கும் காரியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அது கலவை தூக்குபவரின் நரம்பிலும் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் நரம்பிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஆனால் ஒருவருக்கு அது நோய், மற்றவருக்கு அது கள்ளம். கருவி வரை போவதற்கு முன்னால் ஒருவர் நம்ப வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் தொட வேண்டும். நம் மக்கள் இந்த மூன்று படியிலும் தடுக்கப்படுகிறார்கள். இதுவும் தீண்டாமைதான்.

நம் இயக்கங்களிலும் வலியைப் பேசும் பழக்கம் இல்லை. பாபாசாகேப் அரசியல் சாசனத்துக்காக உழைத்த ஆண்டுகளில் நீரிழிவோடும் கால்களில் நரம்பு வலியோடும் தூக்கமின்மையோடும் போராடிக்கொண்டிருந்தார். சிகிச்சைக்காகப் போன இடத்தில் அறிமுகமான மருத்துவர் சாரதா கபீரைத்தான் 1948 ஏப்ரல் 15-இல் மணந்துகொண்டார். அவரே சவிதா அம்பேத்கர். கோட்டும் புத்தகமுமாக நிற்கும் சிலையை நமக்குத் தெரியும். வலிக்கு மருத்துவம் தேடிய மனிதரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. வலியைத் தாங்குவதுதான் வீரம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்துவோம். தாங்கச் சொல்லித்தான் நம்மை வைத்திருந்தார்கள்.

செய்யக்கூடியவை சில. வீட்டிலேயே தொடங்குங்கள். அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா யாருக்கு அடிக்கடி தலைவலி என்று கேளுங்கள். காலண்டர் தாளோ கரிக்கோடோ, ஒரு மாதம் எண்ணுங்கள். மாத்திரை நாளையும் எண்ணுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் காலனிக்கு அவர்கள் வருகிறார்களா, ஊரோடு திரும்பிவிடுகிறார்களா என்று பாருங்கள். வராவிட்டால் கிராம சபையில் எழுத்தில் கேளுங்கள். வட்டார மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, டென்ஸ் மெஷின் வேலை செய்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

மெஷினைக் கடையில் வாங்கி நீங்களே வைத்துப் பார்க்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது. கழுத்தின் முன்பக்கம் பட்டையை ஒட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. திடீரென்று இடி விழுந்தது போல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி இருந்தால் பற்று, மாத்திரை, கரண்ட் எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பட்டமளிப்பு விழாவுக்கு எடுத்த புடவையை அம்மா போன பொங்கலுக்குத்தான் முதல்முறையாகக் கட்டினார். "அன்னிக்கு நெஜமாவே முடியலடி" என்றார், நான் கேட்காமலேயே. தெரியும்மா என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜெய் பீம்.